ஈரம் துடைத்துவிட்டுப் போன திருடன்

திருடன் ரொம்பவும் சுத்தக்காரனாக இருந்தான். அண்ணியை உறுத்தியது அதுதான்.

கடலோர இயற்கை மையத்தின் பின்பக்கக் கொட்டகை. ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிறைய நல்ல தண்ணீர். பக்கத்து மேஜையில், தண்ணீருக்கடியில் படமெடுக்கும் கேமராவைப் பூட்டி வைக்கிற கூடு திறந்து கிடந்தது. கிடந்தது என்பதுகூடத் தப்பு. எடுத்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளும் புறமும் ஈரம் துடைத்து, தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையத்தைத் தனியே கழற்றி, ஒரு வெள்ளைத் துணிமேல் நகைக்கடையில் வளையல் வைப்பதுபோல் வைத்திருந்தார்கள். கேமரா பத்திரமாக இருந்தது. அதற்குள் இருந்த மெமரி கார்டு மட்டும் இல்லை.

"அண்ணி, இந்தத் திருடன் ஒரு நடை நம்ம வீட்டுக்கு வரமாட்டானா?" என்றான் வால். "அண்ணன் சமைக்கிறேன்னு இறங்கி அழுக்காக்கின பாத்திரமெல்லாம் இன்னும் அப்படியே கிடக்கு."

அவனுக்கு வால் என்ற பெயர் சும்மா வரவில்லை. அண்ணி போகிற இடமெல்லாம் பின்னாலேயே போவான். போன இடத்தில் அடங்கி இருக்க மாட்டான். அவள் கணவனின் தம்பி. வேலை தேடிக் களைத்து, அண்ணியின் துப்பறியும் அலுவலகத்தில் வந்து ஒட்டிக்கொண்டவன். அவன் எல்லார் முன்னாலும் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டே அவளுடைய தொழில் பெயராக அது நிலைத்துவிட்டது. போலீஸ் இன்ஸ்பெக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கூச்சப்படுவார்.

"எதையும் தொடலியே?" என்று அண்ணி கேட்டாள்.

"தொடல" என்றாள் அவர்களை வரவழைத்தவள். தலைமுடியில் உப்பு காய்ந்திருந்தது. முங்குநீச்சல் கற்றுக்கொடுப்பவள், இந்த மையத்தை நடத்தும் ஆராய்ச்சியாளரின் சொந்தத் தங்கை. "காலையில கரையேறினதும் கேமராவைக் கூட்டோட நல்ல தண்ணியில ஊறப்போட்டேன். உப்பு இறங்கணும்ல? குளிச்சுட்டு வந்து பாத்தா இப்படி."

"போலீஸ்?"

"போனேன். காணாமப்போன பொருள் எவ்வளவு பெருசுன்னு கேட்டாங்க. நகத்தளவுன்னேன். உக்காருங்க, டீ சாப்பிடுங்கன்னாங்க."

"அதுல என்ன படம்?"

தங்கை கொட்டகைக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். முன்பக்கம் ஒரே அமர்க்களம். அன்று சாயங்காலம் மையத்துக்குத் திறப்பு விழா. பள்ளிப் பிள்ளைகள் வரைந்த கடல்குதிரைகளும் நாரைகளும் சுவரெல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. யாரோ மைக்கில் 'அலோ, அலோ' என்று சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"கடல் பசு" என்றாள் குரலைத் தாழ்த்தி. "ஒண்ணு இல்ல. தாயும் குட்டியும்."

அண்ணிக்கு விஷயம் புரிந்தது. அந்தக் காயலில் ஒருபக்கம் அலையாத்திக் காடு. மறுபக்கம் தண்ணீருக்கடியில் கடற்புல் மேய்ச்சல் நிலம். அதன் நட்டநடுவே தூர்வாரி, கப்பல் போக வழி வெட்டப்போகிறார்கள். கடல் பசு அங்கே வந்துபோகிறது என்று மட்டும் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். குட்டி போட்டு வளர்க்கிறது என்று காட்டிவிட்டால் சட்டம் குறுக்கே நிற்கும். முடிவெடுக்க வேண்டிய அதிகாரி விழாவுக்கு வருகிறார். நாளை இயந்திரம் காயலில் இறங்குகிறது.

"குட்டியும் இருக்குன்னு யார்கிட்டயெல்லாம் சொன்னே?"

"உங்க ரெண்டு பேர்கிட்டதான். அக்காகிட்டகூட 'கிடைச்சிருச்சு'ன்னு மட்டும்தான் சொன்னேன். மேடையில போட்டுக் காட்டி எல்லாரையும் அசத்தலாம்னு இருந்தேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் வால். "தூர்வார்ற கான்ட்ராக்டர்தான். காலையில பூங்கொத்தோட வந்து வாழ்த்து வேற சொல்லிட்டுப் போயிருக்காராம். வாழ்த்த வந்தவர் வாரிக்கிட்டுப் போயிட்டார்."

அண்ணி ரப்பர் வளையத்தை விரல்நுனியால் தொட்டாள். வழுவழுவென்று இருந்தது.

"புதுசா க்ரீஸ் தடவியிருக்கு. நீ தடவினதா?"

"இல்லியே. நான் கூட்டைத் திறக்கவே இல்ல."

"க்ரீஸ் எங்க இருக்கும்?"

தங்கை மேல்தட்டில் வரிசையாக இருந்த டப்பாக்களில் மூன்றாவதைக் காட்டினாள். மற்ற டப்பாக்கள்மேல் படிந்திருந்த தூசி கலையவில்லை.

"வால், திருடன் அவசரத்துல இருக்கான். யார் வேணும்னாலும் உள்ள வரலாம். அப்படியும் துடைச்சு, வளையத்தைக் கழட்டி, சரியான டப்பாவை எடுத்து, க்ரீஸ் தடவிட்டுப் போயிருக்கான். ஏன்?"

"நல்ல வளர்ப்பு."

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்று சொல்லி அண்ணி வளையத்தை மாட்டி, காலிக் கூட்டை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கான்ட்ராக்டரின் அலுவலகம் துறைமுகச் சாலையில் இருந்தது. நடுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரப்போகும் துறைமுகத்தின் மாதிரி. நீலச்சாயம் பூசிய தண்ணீர், தீப்பெட்டியளவு கப்பல்கள். வால் குனிந்து பார்த்துவிட்டு, "ஒரு மீன்கூட இல்லியே சார், எல்லாம் லீவா?" என்றான்.

கான்ட்ராக்டர் சிரித்தார். எதற்கும் சிரிக்கிற மனிதர். "மாட்டுக்காகத் துறைமுகத்தை நிறுத்தச் சொல்றாங்க. நான் ஏதாவது சொன்னா வில்லன். சரி, என்ன காணோம்?"

அண்ணி பையைத் திறந்தாள். கூட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இதைக் கொஞ்சம் திறந்து தர்றீங்களா? எனக்கு வரமாட்டேங்குது."

பெண்பிள்ளை உதவி கேட்டால் விடுகிற ஆள் இல்லை அவர். வாங்கி முறுக்கினார், இழுத்தார். பக்கத்திலிருந்த கொக்கியை எதிர்ப்பக்கமாகத் தள்ளி நகத்தை உடைத்துக்கொண்டார். கடைசியில் காகிதம் வெட்டும் கத்தியைத் தேடினார்.

"போதும் சார். கைகால் பத்திரம்."

"இந்தக் கருமத்தையா நான் திருடினேன்னு வந்தீங்க?" விரலை வாயில் வைத்தபடி அப்போதும் சிரித்தார். "நானா இருந்தா முழுசா தூக்கிக் கடல்ல வீசிட்டுப் போயிருப்பேன். நின்னு திறந்துக்கிட்டா இருப்பேன்? உங்க புல்லு டாக்டரம்மாவைக் கேளுங்க. நான் போனப்ப தொட்டிகிட்டதான் நின்னாங்க. வணக்கம் சொன்னேன், திரும்பிக்கூடப் பாக்கல."

வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்தபடி வால் முணுமுணுத்தான். "அந்தாளுதான்னு இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும். பேப்பர்ல போட்டோ வந்திருக்கும். உங்க போட்டோ. என் தோள் மட்டும் ஓரத்துல தெரியும்."

"போன தடவை காதும் தெரிஞ்சதே."

"அந்தக் காதுக்காக அம்மா நாலு பேப்பர் வாங்கினாங்க. அண்ணன் அந்தப் படத்தைச் சட்டம் போட்டப்ப காதை வெட்டிட்டான்." சிரிப்பாகச் சொன்னாலும் அடியில் ஒரு முள் இருந்தது. அண்ணிக்கும் அது தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

புல்லு டாக்டர் என்று ஊரில் அந்த அக்காவைக் கேலியாகத்தான் அழைக்க ஆரம்பித்தார்கள்; பிறகு மரியாதையாகவே ஆகிவிட்டது. கடற்புல்லைப் பற்றி அவரைவிட அறிந்தவர்கள் அந்தக் கரையில் இல்லை. மையத்தின் மாடியறையில் கண்ணாடிக் குப்பிகளில் விதவிதமான புல். ஒன்று நாடாபோல, ஒன்று ஊசிபோல, ஒன்று சிறு கரண்டிபோல. சுவரில் காயலின் பெரிய வரைபடம். மூலையில் நீளமான அலுமினியக் கம்பு ஒன்று சாத்தியிருந்தது. டாக்டர் தலையை ஒருபக்கம் சாய்த்தே பேசினார். இடது காது சரியாகக் கேட்காது.

"டைவிங் பண்ணும்போது செவிப்பறை கிழிஞ்சது" என்றார், அண்ணி கேட்காமலே. "அதோட தண்ணிக்குள்ள போறது போச்சு. மேல படகுல இருந்து குனிஞ்சு பாக்கிறதுதான் நம்ம ஆராய்ச்சி."

"முன்னாடி நீங்களும் முங்குவீங்களா?"

"தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அந்தக் கேமராகூட என்னோடதுதான். கொடுத்துட்டேன்."

அண்ணி பைக்குள்ளிருந்து கூட்டை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு, விழா ஏற்பாடு பற்றிப் பேச்சை மாற்றினாள். எத்தனை பேர் வருவார்கள், அதிகாரி எப்படிப்பட்டவர், மழை வருமா. டாக்டர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். கண் அண்ணிமேல்தான் இருந்தது. கைகள் மட்டும் தன்னால் கூட்டை இழுத்துக்கொண்டன. கட்டைவிரல் கொக்கியைத் தட்டியது. கூடு ஓசையில்லாமல் திறந்தது. சுண்டுவிரல் வளையத்தை நெம்பி எடுத்தது. ஒரு மணல் துகள் தட்டுப்படுகிறதா என்று விரல்கள் அதைச் சுற்றித் தடவின. புடவைத் தலைப்பு விளிம்பைத் துடைத்தது.

வால் அந்தக் கைகளையே பார்த்தான்.

"டாக்டர், அந்தக் கார்டுல என்ன படம் இருந்திருக்கும்னு நினைக்கிறீங்க?"

"என்ன இருக்கும்? தாய் மேயும். குட்டி அதோட வலப்பக்கமா ஒட்டிக்கிட்டு, அது விட்ட இடத்துல கொறிக்கும்."



"குட்டியைப் பத்தி உங்க தங்கச்சி உங்ககிட்ட சொல்லவே இல்லியே" என்றாள் அண்ணி.

டாக்டர் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். வளையம் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ வேறொருத்தியின் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"திருடறப்பகூட இப்படித்தான் பண்ணேனா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆமா. துடைச்சு, க்ரீஸ் தடவி."

"பழக்கம்" என்றார். பிறகு, "ஆமா, நான்தான்."

"எடுத்துட்டுப் போய்ப் படத்தைப் பாத்திருக்கீங்க. அதான் குட்டி எந்தப் பக்கம்னுகூடத் தெரியுது."

"பாக்கல."

"டாக்டர்…"

"பாக்கலம்மா! பாக்க முடியல. கையில வச்சுக்கிட்டு இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். இத்தனை வருஷம் நான் தேடினதை அவ பாத்த கண்ணால நான் பாக்கணுமான்னு இருந்துச்சு. எழுந்துபோய்ப் படகுத்துறையில இருந்து தண்ணியில போட்டுட்டேன்."

"பாக்காம எப்படி…" என்று வால் ஆரம்பித்தான்.

"குட்டி இருக்குன்னு அவளுக்கு இன்னைக்குத்தான் தெரியும். எனக்கு முன்னாடியே தெரியும்."

வாசலில் ஏதோ விழுந்து உடைந்தது. தங்கை நின்றிருந்தாள். காலடியில் விழாவுக்காகச் செய்த களிமண் ஆமை இரண்டாகக் கிடந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ!

"முன்னாடியேவா?" என்றாள். "தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

டாக்டர் அவளைப் பார்க்காமல் வரைபடத்தைப் பார்த்துப் பேசினார். "கடல் பசு மேஞ்சா புல்லுல தடம் விழும், ஏர் ஓட்டின சால் மாதிரி. ரொம்ப வருஷமா ஒத்தைத் தடம்தான். போன மாசம் கிழக்குத் திட்டுல தண்ணி வத்தினப்ப பாத்தேன். அகலமா ஒண்ணு, அது பக்கத்துலேயே ஒல்லியா ஒண்ணு. ரெண்டும் சேர்ந்தே வளையுது, சேர்ந்தே நிக்குது. பாத்ததும் உக்காந்து அழுதேன். யார்கிட்டயும் சொல்லல."

"ஏன்?"

"நானே படம் எடுக்கணும்னுதான். அந்தக் கம்பு நுனியில வேற ஒரு கேமராவைக் கட்டித் தண்ணியில விட்டுக்கிட்டு, தினம் படகுல உக்காந்து காத்திருந்தேன். கலங்கலைத் தவிர ஒண்ணும் கிடைக்கல. கடைசி நாள்வரைக்கும் பாத்துட்டு, தடத்தையாவது அதிகாரிகிட்ட காட்டிடலாம்னு இருந்தேன். இன்னைக்குக் காலையில நீ வந்து 'கிடைச்சிருச்சு'ங்கறே. என்னமோ கடைக்குப் போய் சோப்பு வாங்கிட்டு வந்தவ மாதிரி! நீ இங்க வந்தே மழைக்காலம் ஒண்ணு முடியல. அது உனக்குத் தன்னைக் காட்டியிருக்கு. எனக்குக் காட்டல."

வால் தரையைப் பார்த்தான். பொறாமை என்றால் அவன் அறியாததல்ல. ஆனால் அதை இப்படி நெஞ்சைத் திறந்து ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை.

தங்கை சீறினாள். "உனக்குப் பொறாமைன்னா எனக்கு என்னவாம்? பொறந்ததுல இருந்து உன் பழைய கவுன், உன் பழைய புத்தகம், உன் பழைய சைக்கிள். இப்ப உன் பழைய கேமரா. நீ காது கிழிஞ்சு விட்ட தொழிலைத்தான் நான் எடுத்துக்கிட்டேன். யாரும் போட்டுக் கழிக்காம எனக்குன்னு வந்தது அந்தப் படம் ஒண்ணுதான்!"

"அதனாலதான் குட்டியைப் பத்தி அக்காகிட்ட மறைச்சியா?" என்று அண்ணி இடைமறித்தாள்.

தங்கையின் முகம் மாறியது. வரவழைத்த தன்னிடமே அண்ணி இப்படி ஒரு கேள்வி கேட்பாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"ஆமா" என்றாள் கடைசியில். "எல்லார் முன்னாடியும் இவ முகம் எப்படிப் போகுதுன்னு பாக்கணும்னு இருந்துச்சு. முன்வரிசையில நாற்காலிகூடப் போட்டு வச்சிருக்கேன்."

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். மூக்கும் முகவாயும் ஒரே அச்சு. கோபமும் ஒரே அச்சு.

"நல்ல குடும்பம்" என்றாள் அண்ணி. "ஒருத்தி தடத்தை மறைச்சா, ஒருத்தி குட்டியை மறைச்சா. நாளைக்கு மெஷின் வந்து ரெண்டையும் வாரிட்டுப் போகும். கான்ட்ராக்டர் ஒரு விரல்கூட அசைக்க வேண்டியதில்ல. அசைச்ச ஒரே விரல்லயும் நகம் உடைஞ்சுபோச்சு."



"டாக்டர், அந்தத் தடம் இன்னும் இருக்கா?"

"புல்லு திரும்ப வளர நாளாகும். இருக்கு." டாக்டர் ஜன்னல் வழியே காயலைப் பார்த்தார். திட்டின் முதுகு மெல்லத் தெரிய ஆரம்பித்திருந்தது. "தண்ணி வத்திக்கிட்டிருக்கு. விழா தொடங்குற நேரத்துக்கு நல்லாத் தெரியும்."

"அப்ப மேடையை விடுங்க. அதிகாரியைப் படகுல ஏத்துங்க."

டாக்டர் அசையவில்லை. "அந்த இடத்தை நான் யாருக்கும் காட்டினதில்ல" என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல் கண்களை மூடிக்கொண்டார். பிறகு செருப்பைத் தேடினார்.

அதிகாரி கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு படகிலிருந்து கிழக்குத் திட்டில் இறங்கினார். அவருடைய ஷூக்களை வால் இரு கையிலும் தூக்கிக்கொண்டு, கோவில் யானைக்கு முன்னால் போகிறவனைப்போல் நடந்தான். கணுக்கால் அளவுத் தண்ணீர். அதன் கீழே பச்சைப் பாயாகப் புல். சாய்ந்த வெயிலில் நண்டுகள் ஒதுங்கின. தூரத்தில் அலையாத்திக் காட்டின்மேல் கொக்குகள் வெள்ளை வெள்ளையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. கரையில் மைக் இன்னும் 'அலோ' சொல்லிக்கொண்டிருந்தது. திட்டிலிருந்து கேட்டபோது அது எவ்வளவோ சின்னச் சத்தமாக இருந்தது.

"இங்க" என்றார் டாக்டர்.

பச்சைக்கு நடுவே மணல் நிறத்தில் ஒரு சால் வளைந்து போயிற்று. அதன் வலப்பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, அதில் பாதி அகலத்தில் இன்னொன்று. பெரியது நேராகப் போனபோது சின்னது நேராகப் போனது. பெரியது திரும்பியபோது சின்னதும் திரும்பியது. ஓரிடத்தில் மட்டும் சின்னது எங்கோ விலகி, வட்டமடித்து, பதறியதுபோல் திரும்ப ஓடிவந்து ஒட்டிக்கொண்டது.

அதிகாரி நீண்ட நேரம் குனிந்தே நின்றார். கைப்பேசியில் படமெடுத்தார். பக்கத்தில் தன் பேனாவை அளவுக்கு வைத்து மறுபடி எடுத்தார்.

"இதைப் பாத்தப்புறம் மெஷின் இறங்க முடியாது" என்றார் நிமிர்ந்து. "முழு ஆய்வு முடியற வரைக்கும் வேலையை நிறுத்த இன்னைக்கே எழுதிடறேன். ஏதோ படமும் இருக்குன்னு சொன்னாங்களே?"

தங்கை முந்திக்கொண்டாள். "கூட்டுக்குள்ள தண்ணி புகுந்துடுச்சு சார். கார்டு போச்சு."

"அந்தக் கூட்டுல தண்ணி புகாது" என்றார் டாக்டர். "படம் நல்லாத்தான் இருந்திருக்கும். நான் எடுத்துத் தூக்கிப்போட்டேன். இவ எனக்கு முன்னாடி பாத்துட்டாளேன்னு."

அதிகாரி இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். அவள் கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எழுத வேண்டியது புல்லைப் பத்தித்தான்" என்று சொல்லிவிட்டு வாலிடமிருந்து ஷூக்களை வாங்கிக்கொண்டு படகுப் பக்கம் நடந்தார். அண்ணியும் வாலும் பின்னால் போனார்கள்.

திட்டில் சகோதரிகள் மட்டும் நின்றார்கள். ஒருவர் நிழல் மற்றவர்மேல் படாத தூரம்.

"எந்தப் பக்கம் ஒட்டி வந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார். "வலப்பக்கம்தானே?"

தங்கை திரும்பி நடந்தாள். படகில் ஏறி, அக்கா ஏறுவதற்குக் கைகொடுக்காமல் மோட்டாரின் பக்கம் போய் உட்கார்ந்தாள். டாக்டர் தானாகவே ஏறினார்.

"நான் மறுபடி முங்குவேன்" என்றாள் தங்கை, முதுகைக் காட்டியபடி. "என்னைக்காவது மறுபடி கிடைக்கும். கிடைச்சா உனக்குத்தான் முதல்ல காட்டுவேன். வேற யாரும் பாக்கிறதுக்கு முன்னாடி, உன் பக்கத்துல உக்காந்து, முழுசா. அதுதான் உனக்குத் தண்டனை."

டாக்டர் ஈரப் புடவையை முழங்காலில் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்.

"எரியும்டி எனக்கு."

"தெரியும்" என்று சொல்லி அவள் மோட்டாரைக் கிளப்பினாள்.